தோல்வியே காணாத காமா பயில்வான்

அறுவடைக் காலத்தில் சங்கராபுரம் பக்கத்துக் களத்துமேட்டுக்குப் போனால், 75 கிலோ நெல் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு லாரியை நோக்கி நடக்கும் ஆட்களைப் பார்க்கலாம். அவர்களை யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. அது அன்றாட வேலை.

அதே மூட்டைகளில் 16-ஐ ஒரே கட்டாகக் கட்டி, ஒரே ஆள் தூக்கினால்?

கல்வராயன் மலை மேலிருந்துகூட ஜனங்கள் இறங்கி வந்துவிடுவார்கள்!

16 மூட்டை என்றால் 1,200 கிலோ. அந்த எடை உடையது என்று சொல்லப்படும் ஒரு பெரிய கல், வடநாட்டில் பரோடா நகரத்துப் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது. 1902-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி அதைத் தூக்கியவரின் பெயரை அந்தக் கல்லிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள்.

அவர் பெயர் காமா.

அந்தக் கல் முழுவதும் தரையை விட்டு எழும்பியதா, ஒரு பக்கம் மட்டும் எழும்பியதா என்று இந்தக் காலத்தில் கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். காமாவின் பெருமை அந்தக் கல்லில் இல்லை. கோதாவில் இருக்கிறது.

குஸ்தியில் தோற்பது என்றால் முதுகு மண்ணில் படுவது. இரண்டு தோள்களும் தரையைத் தொட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. காமா 50 ஆண்டுகளுக்கு மேல் பயில்வானாக வாழ்ந்தார். அத்தனை ஆண்டுகளில் அவருடைய முதுகில் மண் ஒட்டச் செய்தவர் ஒருவர்கூட இல்லை.

ஆனால் அவரால் உடனே வெல்ல முடியாமல் போனவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நம் நாட்டவர். மற்றவர் வெள்ளைக்காரர். அந்த இருவருக்காகவும் காமா ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்.

பத்து வயதுப் பையன்

காமாவின் முழுப் பெயர் குலாம் முகமது பக்ஷ். 1878-ம் ஆண்டு மே மாதம் 22-ந் தேதி பிறந்தார். பஞ்சாபில் குடியேறிய காஷ்மீரத்துக் குடும்பம். தலைமுறை தலைமுறையாகக் குஸ்திதான் தொழில்.

காமாவுக்கு 6 வயதாகும்போதே தகப்பனார் இறந்துவிட்டார். தாய்வழிப் பாட்டனாரும் மாமனும் பையனை எடுத்து வளர்த்தார்கள். அவர்களும் பயில்வான்கள்தான். வீட்டில் சோறு வைப்பதற்கு முன்பே தண்டால் எடுக்கச் சொல்லும் குடும்பம் அது.

1888-ம் ஆண்டு ஜோத்பூர் மகாராஜா ஒரு போட்டி வைத்தார். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் 400 பயில்வான்களுக்கு மேல் வந்து கூடினார்கள். அது குஸ்திப் போட்டி அல்ல. பஸ்கி போன்ற தேகப்பயிற்சிகளைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். கால் ஓய்ந்தவர்கள் ஒதுங்கிவிட வேண்டும். கடைசிவரை யார் நிற்கிறார் என்பதுதான் போட்டி.

நேரம் ஆக ஆக, பெரிய பெரிய பயில்வான்கள் எல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு விலகினார்கள். கூட்டம் நூறாகக் குறைந்தது. பிறகு ஐம்பதாகக் குறைந்தது. கடைசியில் 15 பேர் மிஞ்சினார்கள். அந்த 15 பேரில் மீசை முளைக்காத பையன் ஒருவனும் நின்றுகொண்டிருந்தான்.

பத்து வயதுக் காமா!

மகாராஜா போட்டியை நிறுத்தினார். வயதை முன்னிட்டு அந்தப் பையனுக்கே முதல் பரிசு என்று அறிவித்தார்.

ஜான்சிக்குப் பக்கத்தில் தாத்தியா என்று ஒரு சிறிய சமஸ்தானம் இருந்தது. அந்த ஊர் மகாராஜா காமாவைத் தம் ஆதரவில் வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் பாட்டுக்காரருக்கும் பயில்வானுக்கும் அரண்மனைதான் சோறு போட்டது. நல்ல பயில்வான் ஒருவர் இருந்தால் சமஸ்தானத்துக்கே கௌரவம்.

காமாவின் பயிற்சியைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். ஒரு நாளைக்கு 5,000 பஸ்கி, 3,000 தண்டால். அதற்கு மேல் 40 பயில்வான்களோடு மாறி மாறிக் குஸ்தி. கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்கி எடுப்பதற்கென்று வளையம் போன்ற ஒரு கனமான குண்டு வைத்திருந்தார். அதன் எடை 95 கிலோ. சாப்பாடும் வேலைக்குத் தக்கபடிதான். 10 லிட்டர் பால், பாதாம் பருப்பு அரைத்த விழுது, கோழி, நெய், பழங்கள் என்று பட்டியல் நீளும். அரண்மனை இல்லாவிட்டால் அந்த உடம்பு இல்லை.

ஏழடி ரகீம்

அப்போது நாட்டிலேயே பெரிய பயில்வான் என்று பெயர் வாங்கியவர் ரகீம் பக்ஷ் சுல்தானிவாலா. குஜ்ரன்வாலாவைச் சேர்ந்தவர். அவரும் காஷ்மீர வம்சம்தான். உயரம் ஏறக்குறைய 7 அடி.

காமாவின் உயரம் 5 அடி 7 அங்குலம்.

1895-ம் ஆண்டு, 17 வயதில், காமா அந்த மலையோடு மோதினார். கூடியிருந்தவர்கள் பையனுக்காகப் பரிதாபப்பட்டார்கள். ஒரு பிடியில் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. மணிக்கணக்கில் நீடித்தது. முதலில் காமா தற்காப்பாகவே ஆடினார். பிறகு பாயத் தொடங்கினார். மூக்கிலும் காதிலும் ரத்தம் வடிந்தது. ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. கடைசியில் வெற்றி தோல்வி இல்லை என்று அறிவித்தார்கள்.

17 வயதுப் பையனுக்கு அதுவே பெரிய பெயர். ஆனால் காமாவின் மனத்தில் அது முள்ளாகத் தங்கிவிட்டது. அடுத்த 15 ஆண்டுகளில் நாட்டிலிருந்த பெரிய பயில்வான்களை எல்லாம் ஒவ்வொருவராகச் சாய்த்தார். ரகீம் ஒருவர்தான் பாக்கி.

கப்பல் ஏறினார்

1910-ம் ஆண்டு. நாடு வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்தது. வங்காளத்தைச் சேர்ந்த சரத்குமார் மித்ரா என்ற செல்வந்தர் பணம் கொடுத்தார். பெஞ்சமின் என்பவர் ஏற்பாடு செய்தார். காமாவும் அவர் தம்பி இமாம் பக்ஷும் லண்டனுக்குக் கப்பல் ஏறினார்கள்.

லண்டனில் அப்போது உலகப் பயில்வான்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். பெரிய போட்டி நடந்துகொண்டிருந்தது. காமா போய் நின்றார். போட்டி நடத்தியவர்கள் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். உயரம் போதாது என்று சேர்க்க மறுத்துவிட்டார்கள்.

கடல் தாண்டி வந்தவர் வெறுங்கையோடு திரும்ப முடியுமா? காமா ஒரு சவால் விட்டார். எந்த எடை உள்ள பயில்வானாக இருந்தாலும் சரி, மூன்று பேரை அரை மணி நேரத்தில் வீழ்த்துவதாக அறிவித்தார்.

லண்டன்காரர்கள் நம்பவில்லை. விளம்பரத்துக்காகச் சொல்லும் புளுகு என்று எண்ணினார்கள். சில நாள் யாரும் வரவில்லை.

கடைசியில் அமெரிக்காவைச் சேர்ந்த ரோலர் என்ற பயில்வான் முன்வந்தார். அவர் ஒரு டாக்டர். முதல் சுற்றில் காமா அவரை 1 நிமிடம் 40 விநாடியில் மல்லாக்கத் தள்ளினார். இரண்டாவது சுற்றில் 9 நிமிடம் 10 விநாடி. தம்பி இமாம் பக்ஷும் சும்மா இருக்கவில்லை. சுவிட்சர்லாந்துப் பயில்வான் ஜான் லெம் என்பவரைத் தோற்கடித்தார்.

லண்டன் பத்திரிகைகள் விழித்துக்கொண்டன. மூடியிருந்த கதவு திறந்தது.

அசையாத ஆள்

1910-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி. காமாவை எதிர்த்து நின்றவர் ஸ்டானிஸ்லாஸ் ஜிபிஸ்கோ. போலந்து நாட்டுக்காரர். எடையில் காமாவைவிட மிகப் பெரியவர். ஐரோப்பாவில் அவர் பெயரைக் கேட்டாலே மற்றப் பயில்வான்கள் ஒதுங்குவார்கள். பரிசு 250 பவுன். அதோடு “ஜான் புல்” பத்திரிகையின் பெயரால் வழங்கப்பட்ட உலகப் பட்டமும் கச்சையும்.

மணி அடித்தது. காமா பாய்ந்தார். ஒரு நிமிடத்துக்குள் ஜிபிஸ்கோவைக் கீழே சாய்த்துவிட்டார்.

ஆனால் ஜிபிஸ்கோ மல்லாக்க விழவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டார்!

கையையும் காலையும் பரப்பி, விரிப்போடு விரிப்பாக ஒட்டிக்கொண்டார். தோள் தரையில் பட்டால்தானே தோல்வி? மாவு மூட்டையைப் புரட்டலாம். மனது வைத்துப் படுத்திருக்கும் பெரிய பயில்வானைப் புரட்டுவது எளிதல்ல. காமா கையைக் கோத்து இழுத்தார். காலைப் பிடித்துத் திருகினார். கழுத்தை நெம்பினார். ஜிபிஸ்கோ அசையவில்லை. எப்போதாவது எழுந்து நிற்பார். காமா பாய்ந்ததும் மறுபடியும் படுத்துவிடுவார்.

இப்படியே 2 மணி 35 நிமிடம் சென்றது. பணம் கொடுத்து வந்த கூட்டம் கூச்சல் போட்டது. இருட்டத் தொடங்கியது. வெற்றி தோல்வி இல்லை என்று முடித்தார்கள். அடுத்த வாரம் மீண்டும் மோத வேண்டும் என்று ஏற்பாடு.

அடுத்த வாரம் காமா வந்தார். கூட்டமும் வந்தது. ஜிபிஸ்கோ வரவில்லை.

பட்டத்தைக் காமாவிடம் கொடுத்தார்கள். இந்தியாவில் பெரிய கொண்டாட்டம். ஆளும் நாட்டின் தலைநகரிலேயே ஓர் அடிமை நாட்டுக்காரர் உலகப் பட்டம் வாங்கினால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது? ஆனால் காமாவுக்கு முழுத் திருப்தி இல்லை. எதிரியின் முதுகு தரையில் படாமல் கிடைத்த பட்டம் அது.

அவர் லண்டனிலிருந்து மேலும் பலருக்குச் சவால் விட்டார். அமெரிக்க வீரர் பிராங்க் கோட்ச், ரஷ்யாவைச் சேர்ந்த ஹாக்கன்ஷ்மிட் போன்ற உலகப் புகழ் பெற்றவர்களையெல்லாம் கூப்பிட்டார். 20 ஆங்கிலப் பயில்வான்களை ஒருவர் பின் ஒருவராக வரச் சொன்னார். ஒருவரும் கோதாவில் இறங்கவில்லை.

பழைய கணக்கு

தாய்நாடு திரும்பியதும் காமா முதலில் தீர்த்தது ரகீமின் கணக்கைத்தான். அலகாபாத்தில் இருவரும் மோதினார்கள். 17 வயதில் வெல்ல முடியாமல் போன அந்த ஏழடி மனிதரைக் காமா இந்த முறை வென்றார். “ருஸ்தம்-இ-ஹிந்த்” என்ற பட்டம் கிடைத்தது. ருஸ்தம் என்பவர் பாரசீகக் கதைகளில் வரும் மாபெரும் வீரர். இந்தியாவின் ருஸ்தம் என்று பொருள்.

தம்மை எதிர்த்தவர்களில் மிக வலிமையானவர் ரகீம்தான் என்று காமா வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். தோற்றவரைப் பற்றித் தாழ்வாகப் பேசும் வழக்கம் அவரிடம் இல்லை.

அதன் பிறகு பெரிய எதிரிகள் குறைந்தார்கள். 1922-ல் இங்கிலாந்து இளவரசர் இந்தியாவுக்கு வந்தபோது காமாவுக்கு ஒரு வெள்ளிக் கதாயுதம் பரிசளித்தார். பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் காமாவுக்கு ஆதரவாக இருந்தார்.

இதற்கிடையில் ஜிபிஸ்கோ என்ன ஆனார்? அவர் அமெரிக்கா சென்றார். 1921-ல் அங்கே உலகப் பட்டம் வென்றார். பட்டத்தை இழந்து, 1925-ல் மறுபடியும் வென்றார். ஆகவே அவரைச் சாதாரண ஆள் என்று எண்ணிவிடக் கூடாது. லண்டனில் அவர் படுத்துக்கொண்டதும் விதிக்கு விரோதம் அல்ல. தோற்காமலிருக்க அவருக்குத் தெரிந்த வழி அது.

லண்டனில் வராமல் போன அதே ஜிபிஸ்கோ, பின்னால் கடல் தாண்டிக் காமாவின் ஊருக்கே வந்தார். அதற்கும் துணிச்சல் வேண்டும்.

42 விநாடி

1928-ம் ஆண்டு ஜனவரி மாதம். பட்டியாலா நகரமே திருவிழாக்கோலம் பூண்டது. இந்தக் குஸ்திக்காகவே மகாராஜா பெரிய அரங்கம் அமைத்திருந்தார். பல்லாயிரக்கணக்கான ஜனங்கள் குவிந்தார்கள். சமஸ்தானாதிபதிகள் பலரும் வந்து அமர்ந்தார்கள்.

லண்டனில் மோதியபோது இருவருக்கும் வயது 30-க்குச் சற்று மேல். இப்போது இருவரும் 50-ஐ நெருங்கிக்கொண்டிருந்தார்கள். இடையில் 17 ஆண்டுகள் ஓடிவிட்டன. நம் வீடுகளில் அந்த வயதுக்காரர்கள் மாடிப்படி ஏறினாலே முழங்காலைப் பிடித்துக்கொள்வார்கள்.

இந்த முறை விரிப்பு இல்லை. நம் நாட்டு மண் கோதா. கொத்திப் பதப்படுத்திய மண். பிறந்ததிலிருந்து காமாவின் கால் பழகிய மண்.

இருவரும் கை கொடுத்தார்கள். விலகினார்கள். ஜிபிஸ்கோ படுக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் காமா பாய்ந்துவிட்டார்.

ஜிபிஸ்கோவின் முதுகு மண்ணில் பட்டது!

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 42 விநாடி என்பது பலரும் சொல்லும் கணக்கு. தலைப்பாகையைச் சரி செய்யக் குனிந்தவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. கூட்டம் ஒரு கணம் மௌனமாக இருந்தது. பிறகு எழுந்த ஆரவாரம் அடங்க நெடுநேரம் ஆயிற்று.

17 ஆண்டு காத்திருந்தது அந்த 42 விநாடிக்காகத்தான்.

அடுத்த ஆண்டு, 1929 பிப்ரவரியில், ஜெஸ்ஸி பீட்டர்சன் என்ற வெளிநாட்டுப் பயில்வான் வந்தார். ஒன்றரை நிமிடத்தில் அவரும் வீழ்ந்தார்.

எதிரி இல்லை

அதற்குப் பிறகுதான் காமாவின் வாழ்வில் விசித்திரமான காலம் தொடங்கியது. தினமும் விடியற்காலையில் எழுவார். தண்டால் எடுப்பார். பஸ்கி எடுப்பார். மண்ணைக் கொத்துவார். உடம்பு தயாராக இருக்கும். எதிரில் நிற்கத்தான் ஆள் இருக்காது.

தோற்றுவிடுவோம் என்று தெரிந்த பிறகு யார் வருவார்கள்? அவருடைய புகழே அவருக்கு எதிரியாகிவிட்டது. உலகப் பட்டம் பெற்றவர், பேரோடும் பெருமையோடும், ஆட்டம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். 1952-ம் ஆண்டு ஓய்வு பெறும் வரையில் அவரைத் தேடிப் பெரிய எதிரி யாரும் வரவில்லை.

விளையாட்டு உலகில் நீண்ட வெற்றி வரிசைகள் பல உண்டு. ஒலிம்பிக் ஹாக்கியில் 1928 முதல் இந்தியா தொடர்ந்து 30 ஆட்டங்களில் வென்றது. 1960-ல் ரோம் நகரில் பாகிஸ்தான் ஒரே ஒரு கோல் போட்டு அந்த வரிசையை முறித்தது. ஸ்குவாஷ் ஆட்டத்தில் ஜஹாங்கீர் கான் 555 ஆட்டங்கள் தொடர்ந்து வென்றார் என்பார்கள். 1986-ல் ராஸ் நார்மன் அவரைத் தோற்கடித்தார். ரஷ்ய மல்யுத்த வீரர் கரேலின் 13 ஆண்டுகள் தோல்வி காணாதவர். 2000-ம் ஆண்டு சிட்னியில் ஓர் அமெரிக்க விவசாயி வீட்டுப் பிள்ளையிடம் தோற்றார். எல்லா வரிசைக்கும் முற்றுப்புள்ளி வைக்க ஒருவர் வந்தார். காமாவின் வரிசைக்கு மட்டும் கடைசிவரை வரவில்லை.

அவர் வென்ற குஸ்திகள் 5,000 என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது அன்பினால் வளர்ந்த எண்ணாக இருக்கலாம். ரகீமும் ஜிபிஸ்கோவும் ஆகிய இரண்டு பேர் போதும், காமா யார் என்று அறிய.

லாகூரில்

1947-ல் நாடு இரண்டாகப் பிரிந்தது. அண்டை வீட்டார் அண்டை வீட்டாரை வெட்டிய காலம். காமா லாகூரில் மோகினி ரோடு பகுதியில் வசித்தார். அங்கே இந்துக் குடும்பங்கள் நிறைய இருந்தன. கலகக் கும்பல் அந்தப் பக்கம் வந்தது.

தெருமுனையில் காமா நின்றார். 69 வயதுக் கிழவர். பின்னால் அவருடைய சீடர்கள். தம் தெருவில் உள்ள ஒருவர்மேலும் கை வைக்க விடுவதில்லை என்று உறுதியாக நின்றார்.

கும்பல் கலைந்தது. அன்றைக்கு அந்தத் தெருவில் ஒருவரும் சாகவில்லை. பிறகு நிலைமை மோசமானபோது, அந்தக் குடும்பங்களைத் தம் செலவிலேயே உணவுப் பொருள்களோடு எல்லைவரை பத்திரமாக அனுப்பிவைத்தார் என்று அங்கிருந்து வந்தவர்கள் நன்றியோடு சொல்லிவந்தார்கள்.

வாழ்நாளெல்லாம் எதிரியைத் தேடிய பயில்வானுக்கு, 18 ஆண்டுகளுக்குப் பிறகு எதிரில் நிற்க ஆள் கிடைத்தது இப்படித்தான். அந்த எதிரியும் படுத்துவிட்டது.

சமஸ்தானங்கள் மறைந்தன. மகாராஜாக்களின் ஆதரவும் போயிற்று. 10 லிட்டர் பால் குடித்த வீட்டில் மருந்து வாங்கப் பணம் இல்லை. இருதய நோயும் மூச்சுத் தொல்லையும் வாட்டின. காமாவின் வறுமை பற்றிய செய்தி எல்லை தாண்டி வந்தது. இந்தியத் தொழிலதிபர் ஜி.டி.பிர்லா குஸ்திப் பிரியர். அவர் உடனே 2,000 ரூபாய் அனுப்பினார். மாதந்தோறும் 300 ரூபாய் கிடைக்கவும் ஏற்பாடு செய்தார். பாகிஸ்தான் அரசும் உதவியது.

1960-ம் ஆண்டு மே 23-ந் தேதி காமா லாகூரில் காலமானார். முதல் நாள்தான் அவருக்கு 82 வயது நிறைந்திருந்தது.

ஜிபிஸ்கோ அதன்பின் 7 ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்து 1967-ல் இறந்தார்.

காமா கழுத்தில் மாட்டிப் பஸ்கி எடுத்த அந்த 95 கிலோ வளையத்தைப் பட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையத்தின் காட்சிசாலையில் வைத்திருக்கிறார்கள். சங்கராபுரத்து மூட்டைக் கணக்கில் அது ஒன்றேகால் மூட்டை. அதை மாட்டிக்கொண்டுதான் அவர் தினமும் உட்கார்ந்து எழுந்தார், எதிரி வந்த காலத்திலும், வராத காலத்திலும்.